பாலைவன மலையில் எனக்குத் தலை சுற்றிய கதை

என்னைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கதை சொல்லியிருப்பார்கள். டொரொன்டோவில், ரெக்ஸ்டேலில் நம்முடைய வண்டிக் கொட்டகைக்குள் நீங்கள் நுழைந்த முதல் நாளே யாராவது ஒருவர் தேநீரைக் கையில் தந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியிருப்பார். "உந்த அக்கா மோட்டார் சைக்கிள் நல்லா ஓடுவா, அதில பிழை சொல்லேலாது. ஆனா ஒருக்கா அரிசோனாவில மலை உச்சியில மயங்கிப் போனா. கூடப் போன ரெண்டு பேர்தான் காப்பாத்திக் கீழ கொண்டுவந்தவை." இன்று காலை நான் உள்ளே வந்தபோது உங்களில் ஒருவர் ஓடிப்போய்க் கதிரை எடுத்துப் போட்டாரே, அது அந்தக் கதையின் வேலை. கதிரைக்கு நன்றி. முழங்கால்கள் இரண்டும் கூடிப் பேசி முடிவெடுத்துத்தான் சென்ற இலையுதிர் காலத்தோடு எனக்கு ஓய்வு கொடுத்தன. தலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தப் பருவத்திலிருந்து நம்முடைய ஆட்களைப் பாலைவனத்துக்கும் மலைக்கும் கூட்டிக்கொண்டு போகப் போகிறவர்கள் நீங்கள். டயரில் எவ்வளவு காற்று, எங்கே பெற்றோல் நிரப்புவது, வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தந்த கையேட்டில் இருக்கிறது. அதைப் படியுங்கள். அதில் இல்லாத இரண்டு விஷயங்களை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலாவது, தேங்காய். மோட்டார் சைக்கிள்களை ட்ரெய்லரில் ஏற்றி முன்கூட்டியே அனுப்பிவிட்டு, ஆட்களை விமானத்தில் கூட்டிப்போவது நம் வழக்கம். ட்ரெய்லர் புறப்படும் நாளில் எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம், முன்னால் கற்பூரம், கடைசியில் தேங்காய். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் மிகுந்த பக்தியோடு தேங்காயை ஓங்கி அடித்தார். அது உடையவில்லை. கொங்கிரீட் தரையில் பட்டுத் துள்ளிப் போய், ஏற்றுவதற்காகப் பக்கத்தில் நின்ற அவருடைய சொந்த வண்டியின் முன்விளக்கை உடைத்தது. பிறகு அவருடைய மனைவி, "நல்ல காலம், கண்ணூறு எல்லாம் லைற்றோட போச்சுது" என்றார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் புதிய விளக்குத் தேடி ஊரெல்லாம் அலைந்தேன். ஆகவே தேங்காய் உடைப்பதைத் தடுக்காதீர்கள். தடுத்தால் பயணம் முழுவதும் எந்தச் சில்லில் காற்றுப் போனாலும் நீங்கள்தான் காரணம். வண்டிகள் எல்லாவற்றையும் ட்ரெய்லருக்குள் ஏற்றிக் கதவைப் பூட்டிய பிறகு உடைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மரியாதை. இது தேங்காயைவிட ஆபத்தானது. எனக்குத் தலை சுற்றியது இதனால்தான்.

சிவபாதம் அண்ணை டொரொன்டோவுக்குப் பக்கத்தில், ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கோடை வந்தால் வண்டியை விட்டு இறங்கமாட்டார். அவருடைய ஒரே மகள் தர்சினி. அவளுடைய கணவன் நிரோஷன் இங்கேயே பிறந்த பிள்ளை, வங்கியொன்றில் கணினி வேலை. மாமனாருக்குப் பிடிக்கும் என்று நினைத்து மோட்டார் சைக்கிள் பழகி லைசன்ஸ் எடுத்தவன். எடுத்த பிறகு, மாமாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு கோடைகாலம் முழுவதும் சொல்லாமலே இருந்தவன்.

இருவருக்கும் இடையில் கோபம் எதுவும் இல்லை. மரியாதை முற்றிப் போயிருந்தது, அவ்வளவுதான். மருமகன் கூடத்துக்குள் வந்தால் மாமனார் எழுந்து தன் கதிரையைக் கொடுப்பார். மாமா இருந்த கதிரையில் எப்படி இருப்பது என்று மருமகன் நிற்பான். மருமகன் நிற்கும்போது தான் எப்படி இருப்பது என்று மாமனாரும் நிற்பார். ஹொக்கி ஆட்டம் முழுவதையும் இருவரும் நின்றபடியே பார்த்து முடிப்பார்கள்.

ட்ரெய்லர் புறப்பட்ட நாளில் தர்சினி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சி.

"அன்ரி, ரெண்டு வருஷமா அப்பாவும் நிரோஷும் கதைச்சதை எல்லாம் சேர்த்தா ஒரு டெக்ஸ்ட் மெசேஜுக்குள்ள அடங்கிடும். 'சாப்பிட்டீங்களோ?' 'ஓம் மாமா.' தட்ஸ் இட்."

"மரியாதையான ஆக்கள், பிள்ளை. அதில என்ன?"

"பேபி வந்தா நாங்கள் அப்பா வீட்டு பேஸ்மென்டுக்குக் குடிபோறதா பிளான். இப்ப நிரோஷ் வரமாட்டன் எண்டுறார். 'மாமாவுக்கு என்னைப் பிடிக்கேல்லை, நான் எப்பிடி அங்க இருக்கிறது' எண்டு கேக்கிறார். அப்பாவைக் கேட்டா, 'மருமோனுக்கு என்னோட இருக்க விருப்பமில்லைப் போல' எண்டுறார். நான் யாரோட போய் இருக்கிறது, அன்ரி?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த ட்ரிப் என்ர ஐடியா. ப்ளீஸ், ரெண்டு பேரையும் கதைக்க வையுங்கோ. பத்திரமாவும் கொண்டு வாங்கோ."

கையேட்டில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை. "பாப்பம்" என்று சொல்லி வைத்தேன்.

அரிசோனாவில் இறங்கிய முதல் நாளே விளங்கிவிட்டது. பெற்றோல் நிலையத்தில் ஒரு பம்ப்தான் சும்மா நின்றது. "நீங்கள் முதல்ல அடியுங்கோ, மருமோன்." "இல்லை மாமா, நீங்கள் முதல்ல." "சீச்சீ, நீங்கள் அடியுங்கோ." இதற்குள் பின்னாலிருந்து வந்த ஒரு கனரக லொறிக்காரர் பம்பைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டுக் கடை வாசலில் கதவைப் பிடித்தபடி இருவரும் நிற்க, உள்ளே இருந்த குளிரெல்லாம் வெளியே போனது. நானும் என் பங்குக்குச் சாப்பாட்டு மேசையில் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பார்த்தேன். சிவபாதம் அண்ணை உப்பை நகர்த்தி வைத்தார். நிரோஷன் "தேங்க்ஸ் மாமா" என்றான். அன்றைய உரையாடல் முடிந்தது.

அண்ணையின் மனைவி பவானி அக்கா சாமான் ஏற்றிய வான் வண்டியில் வந்துகொண்டிருந்தார். விடுதி அறையிலேயே கட்லட் பொரித்து டப்பாக்களில் அடைத்து, ஒவ்வொருவர் வண்டிப் பையிலும் ஒன்று வைத்துவிடுவார். "அதுகள் கதைக்காதுகள், தங்கச்சி," என்றார் என்னிடம். "நான் கட்டின மனிசனும் இப்பிடித்தான். என்ர அப்பாவோட பதினைஞ்சு வருஷம் கதைக்கேல்லை. நல்ல மனிசன் எண்டு ரெண்டு பேரும் என்னட்டச் சொல்லுவினம்."

கடைசி நாள் ஓட்டம் பெரியது. மலையைத் தாண்டி அடுத்த பக்கத்தில் ஒரு பழைய சுரங்க ஊர் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அங்கே மோட்டார் சைக்கிள் ராலி. எங்கெங்கோ இருந்து தாடியும் தோல் சட்டையுமாக ஆட்கள் வந்து கூடுவார்கள். வான் பெருந்தெருவால் சுற்றிக்கொண்டு போய்விடும். நாங்கள் மலைப்பாதையால் போகவேண்டும். ஏறும் பக்கம் சுகமானது. இறங்கும் பக்கம் ஒடுங்கிய பாதை, ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் ஆகாயம். தடுப்புச் சுவர் கிடையாது. ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அடிவாரத்தில் ஒரு காய்ந்த ஆற்றுப்படுக்கையைக் கடந்தால்தான் ஊர். அந்தப் பருவத்தில் மத்தியானத்துக்குப் பிறகு பாலைவனத்திலும் இடிமழை வரும். மலையில் மழை பெய்தால் காய்ந்த படுக்கையில் கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளம் வந்துவிடும். ஆகவே மத்தியானத்துக்குள் இறங்கிவிடவேண்டும் என்பது சட்டம்.

உச்சியில் படம் எடுக்க நிறுத்தினோம். மற்றவர்கள் இன்னொரு வழிகாட்டியோடு இறங்கிவிட்டார்கள். நாங்கள் மூவரும் மட்டும் நின்றோம். ஏனென்றால் அங்கே ஒரு கழிப்பறைதான் இருந்தது, அதன் வாசலில் "நீங்கள் முதல்ல" நடந்துகொண்டிருந்தது.

ஒருவழியாகப் புறப்பட்டோம். முன்னால் நான், அடுத்தது சிவபாதம் அண்ணை, கடைசியில் நிரோஷன். மூவருடைய ஹெல்மெட்டுக்குள்ளும் இன்டர்கொம் உண்டு. நான் பேசினால் "ஓம்" என்று ஒரு குரல், "ஓகே" என்று ஒரு குரல். வேறு சத்தமில்லை. இரண்டு வளைவு தாண்டிக் கண்ணாடியில் பார்த்தேன், இருவரையும் காணவில்லை. நிறுத்திக் காத்திருந்தேன். வந்தார்கள். வந்த வேகத்துக்கு நடந்தே வந்திருக்கலாம்.

இதை நீங்கள் நன்றாக மனதில் வையுங்கள். மோட்டார் சைக்கிளில் மெதுவாகப் போவது பத்திரம் என்று ஊரில் எல்லோரும் நினைப்பார்கள். ஊசி வளைவில் அளவுக்கு மீறி மெதுவாகப் போனால் வண்டி சாயும். சாய்ந்தால் கால் ஊன்றவேண்டும். கால் ஊன்றும் இடத்தில் சரளைக் கல் இருந்தால் கதை வேறு. அடுத்த வளைவில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரோஷனின் வண்டி வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. கால் ஊன்றினான். கால் வழுக்கியது. அவனுக்குப் பின்னால் ஆகாயத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. எப்படியோ மறு காலால் உந்தி நிமிர்ந்துவிட்டான். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு நான் கொடுத்த "பாப்பம்" காதுக்குள் கேட்டது.

மேற்கே பார்த்தேன். முகில் கறுத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில் எங்களுக்கு உதவிக்கு வந்தது ஒரு கழுதை. பழைய சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் பரம்பரை அந்த மலையெல்லாம் திரிகிறது. அடுத்த திருப்பத்தில், பாதை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில், ஒன்று நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. ஹோர்ன் அடித்தால் அது பார்க்கும் பார்வையே வேறு. இன்டர்கொம்மை அணைத்துவிட்டு இறங்கினோம். கழுதையை நகர்த்தவென்று நிரோஷன் முன்னால் போனான். அண்ணை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவசரமாக என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, கண்ணாடியில பாத்துக்கொண்டுதான் வாறன். மருமோனுக்குப் பயம் பிடிச்சிட்டுது. இப்பவும் விழப் பாத்தவர். அவருக்காகத்தான் நான் மெல்லமாப் போறன். இன்னும் கொஞ்சம் மெல்லமாப் போனா அவருக்குச் சுகமாயிருக்கும். இதை அவருக்குச் சொல்லிப்போடாதையும், வெக்கப்படுவார்."

சொல்லிவிட்டுக் கழுதைப் பக்கம் போனார். அவர் வருவதைக் கண்டதும் நிரோஷன் மரியாதையாக விலகி என்னிடம் வந்தான். நம் பயணங்களில் நான் வைத்த ஒரு விதி உண்டு: ஹெல்மெட் போட்டிருக்கும்போது நான் அக்கா, கழற்றினால்தான் அன்ரி. அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே "அன்ரி" என்றான். நிலைமை மோசம் என்று விளங்கியது.

"அன்ரி, மாமா ரியலி பயந்துபோனார். அவற்ற ப்ரேக் லைட் அணையவே இல்லை. எனக்கு மெதுவா ஓடக் கஷ்டமாயிருக்கு, விழவும் பாத்தன். பட் நான் பின்னால நிண்டாத்தான் அவருக்குத் தைரியம்."

"நீர் முந்திப் போமன். அவர் உம்மைப் பாத்து வருவார்."

"மாமாவை ஓவர்டேக் பண்ணுறதோ? தர்சினி என்னைக் கொண்டுபோடுவாள். ப்ளீஸ் அன்ரி, நான் சொன்னனெண்டு அவருக்குச் சொல்லாதேங்கோ. ஹீ வில் ஃபீல் பேட்."

இதுதான் நிலைமை. மருமகனுக்காக மாமனார் மெதுவாகப் போகிறார். மாமனார் மெதுவாகப் போவதால் மருமகன் விழப் பார்க்கிறான். மருமகன் விழப் பார்ப்பதால் மாமனார் இன்னும் மெதுவாகப் போகிறார். இப்படியே போனால் இருவரும் அந்த மலையில் மரியாதையாகச் சாவார்கள். பின்னால் முகில் வேறு.

யாருக்கு உண்மையில் பயம் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து அங்கே எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்பீர்கள். யோசித்தேன். "அண்ணை, உங்களுக்குத்தான் பயமாம், மருமகன் சொல்லுறார்" என்று சொன்னால் என்ன நடக்கும்? அண்ணை தன் வீரத்தைக் காட்ட ஆக்சிலேட்டரை முறுக்குவார். அதைப் பார்த்து மற்றவரும் முறுக்குவார். பயந்தவனை மலையிலிருந்து இறக்கிவிடலாம். ரோசம் வந்தவனை இறக்குவது கஷ்டம். இது நான் இந்தத் தொழிலில் கண்டது.

ஒருவருக்குப் பயம் இருக்கவேண்டும் என்றால், அது இந்தக் குடும்பத்துக்கு வெளியே இருக்கிற ஆளாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். பக்கத்தில் ஒரு கல் இருந்தது. அதில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்தேன்.

"ஐயோ, எனக்குத் தலை சுத்துது."

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கழுதையை விட்டுவிட்டு அண்ணை ஓடி வந்தார். நிரோஷன் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தான். அவன் குடிக்கத் தரும்போது அண்ணை அதைப் பறித்து என் தலையில் ஊற்றினார்.

"மாமா, அது குடிக்கிற தண்ணி!"

"தலைக்குத்தான் முதல்ல! உமக்கென்ன தெரியும், உந்தத் துவாயை எடும்!"

"ஊத்தக்கூடாது மாமா, நான் ஃபர்ஸ்ட் எய்ட் படிச்சனான்!"

"நான் ஃபக்ரறியில முப்பது வருஷம் மயங்கின ஆக்களைப் பாத்தனான்!"

இரண்டு வருடத்தில் முதல் சண்டை. தலையைப் பிடித்தபடி, அவர்கள் போர்த்திய துவாய்க்குள் நான் சிரித்தேன். உடம்பு குலுங்கியது. "நடுக்கம் வந்திட்டுது!" என்று அண்ணை கத்தினார்.

அங்கேதான் விஷயம் கையை மீறப் பார்த்தது. நிரோஷன் எதையும் ஆயத்தமில்லாமல் செய்யமாட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு சற்றலைட் கருவியை எடுத்தான். அதில் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் ஹெலிகொப்டர் வரும். அண்ணை, "அமுக்கும், அமுக்கும்" என்றார். முதல் தடவையாக இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருந்தார்கள். நான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன். மயங்கிய ஆளுக்கு அவ்வளவு பலம் இருக்கக்கூடாதுதான், ஆனாலும் வேறு வழியில்லை.

"வேண்டாம் ராசா. இப்ப கொஞ்சம் பறுவாயில்லை. என்னைக் கீழ கொண்டுபோய்ச் சேர்த்தாப் போதும். அண்ணை, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் உங்கட சில்லைப் பாத்து வாறன். நிரோஷ், நீர் பின்னால வந்து என்னைக் கவனியும். ஆனா ஒண்டு, மெதுவாப் போனா எனக்கு இன்னும் சுத்தும். ஒரே சீரா, இழுத்துப் போகவேணும். நான் கதைக்கமாட்டன், வாயைத் திறந்தா சத்தி எடுத்துப்போடுவன். நீங்கள் ரெண்டு பேரும்தான் கதைச்சுக் கதைச்சுக் கொண்டுபோகவேணும்."

இந்த ஒழுங்கில் ஒரு சூட்சுமம் இருந்தது. அண்ணை தன் கண்ணாடியில் இனி மருமகனைப் பார்க்க முடியாது, என்னைத்தான் பார்க்கலாம். நிரோஷனுக்கு முன்னால் மாமாவின் ப்ரேக் லைட் இல்லை, என் முதுகுதான். பார்ப்பதற்கு என்னைத் தவிர இருவருக்கும் வேறு எதுவும் இல்லாமல் செய்துவிட்டேன்.

கழுதை மட்டும் நகரவில்லை. அது நிரோஷனின் வண்டிப் பைக்குள் மூக்கை விட்டுப் பவானி அக்காவின் கட்லட் டப்பாவை மணந்துகொண்டிருந்தது. அண்ணை ஒரு கட்லட்டை எடுத்துப் பாறைப் பக்கமாக எறிந்தார். கழுதை போனது. பவானி அக்காவிடம் சொல்லவேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

புறப்பட்டோம். முதல் வளைவிலேயே இன்டர்கொம்மில் அண்ணையின் குரல் வந்தது.

"தம்பி, இடக்கைத் திருப்பம். உள்பக்கம் கல்லுக் கிடக்குது. தங்கச்சி எப்பிடி?"

"நேரா வாறா மாமா. குட். நீங்கள் அந்த ஸ்பீடை அப்பிடியே பிடியுங்கோ."

"அடுத்தது வலக்கை. பெரிய வளைவு. நீர் விலத்தி எடும்."

"ஓகே மாமா. சுப்பரா எடுத்தீங்கள்."

"சும்மா இரும்," என்றார் அண்ணை. குரலில் சிரிப்பு இருந்தது.

வண்டிகள் சாயவில்லை, கால்கள் தரையைத் தொடவில்லை. மலையைப் பார்த்தாலே கலங்கிய இருவரும் இப்போது அதைப் பார்க்கவே இல்லை. அவர்களுக்குச் சுமக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஆளைப் பற்றி அவர்கள் பேசியதைத்தான் நான் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டியிருந்தது.

"இவவுக்கு இந்த வயசில இந்த வேலை தேவையோ, தம்பி?"

"மாமா! இவவுக்குக் கேக்கும்!"

"அவவுக்கெங்க கேக்கப்போகுது, அரை மயக்கத்தில வாறா. பாவம், நல்ல மனிசி. பயத்தைக் காட்டக்கூடாதெண்டு தாங்கிக்கொண்டு வந்திருக்கிறா."

"நான் முதலே நோட்டீஸ் பண்ணினனான் மாமா. கையெல்லாம் ஷேக் பண்ணினது."

"நானும் கண்டனான். சொன்னா வெக்கப்படுவா எண்டுதான் பேசாமல் வந்தனான்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்படியே பேச்சு என்னை விட்டு வேறெங்கோ போனது. ஒஷாவா வீட்டு பேஸ்மென்டில் ஈரம் வருவது, அதற்கு என்ன செய்வது, தொட்டிலை எந்தச் சுவரோடு போடுவது. "யன்னல் பக்கம் குளிரும், நான் அதை மாத்தித் தாறன்" என்றார் அண்ணை. "சேர்ந்து செய்வம் மாமா" என்றான் மருமகன். சந்தோசத்தில் எனக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஹெல்மெட்டுக்குள் துடைக்க முடியாது. உறிஞ்சினேன். "அழுகிறா போல கிடக்குது" என்று இன்டர்கொம் கவலைப்பட்டது.

முதல் துளிகள் விழும்போது ஆற்றுப்படுக்கையைத் தாண்டினோம். ஊருக்குள் போய் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் வந்த இடத்தில் மண்ணிறத் தண்ணீர் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் நிஜமாகவே தலை சுற்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித்தான் முடிந்துவிட்டதே.

ராலியில் அவர்கள் இருவரும்தான் கதாநாயகர்கள். சிவபாதம் அண்ணை கதையை ஆங்கிலத்தில் தொடங்குவார், நிரோஷன் முடிப்பான். ஒவ்வொரு தடவையும் பள்ளம் ஆழமானது, கழுதைகள் கூடின. ஒலிபெருக்கிக்காரர் மேடைக்குக் கூப்பிட்டு இருவருக்கும் கை குலுக்கினார். காப்பாற்றப்பட்ட பெண்மணியும் வரவேண்டும் என்றார். நான் போனேன். தாடிக்காரர்கள் எழுந்து நின்று கை தட்ட, யாரோ என் தோளில் கம்பளி போர்த்தினார். அந்த வெக்கையில் கம்பளியோடு நின்று கை காட்டினேன். பவானி அக்கா மீதிக் கட்லட்டை எல்லோருக்கும் பகிர்ந்தார். ஒன்று குறைவதைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

விமானம் டொரொன்டோவில் இறங்குவதற்கு முன்பே கதை இறங்கிவிட்டது. கொட்டகைக்குப் போனால் முதலாளி, மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கி வரச் சொன்னார். போனேன். மருத்துவர் என்னை உருட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, எதற்காக வந்தேன் என்று கேட்டார். ஸ்கார்பரோவில் ஒரு கலியாண மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்து, தலைக்கு நல்லெண்ணெய் வைக்கச் சொன்னார். இன்னொருவர் இஞ்சி என்றார். அடுத்த பருவத்துக்குப் பதிந்திருந்த ஒரு குழு, "வழிகாட்டி மயங்கினா எங்களை யார் கொண்டுவாறது?" என்று கேட்டு வேறு ஆளை ஒழுங்கு செய்துகொண்டது. அது மட்டும் உண்மையிலேயே வலித்தது. நல்ல ஓட்டுநர் என்று பெயர் எடுக்க எத்தனையோ வருடம் பாடுபட்டவள் நான். டொரொன்டோவில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியொன்றில் பத்தாம் மாடியில் குடியிருந்தபோது, ஹெல்மெட்டோடு லிஃப்டில் ஏறினால் சனம் விலகி நின்று சிரிக்கும். அதையெல்லாம் தாண்டி வந்த பெயர். ஒரு கல்லில் உட்கார்ந்து எழும்புவதற்குள் போய்விட்டது. ஒரு சொல் சொன்னால் திரும்பி வந்துவிடும். சொல்ல வாய் உன்னிய நாட்கள் இருந்தன.

பிறகு குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஒஷாவாவுக்கு அழைத்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே பேஸ்மென்டிலிருந்து சத்தம் கேட்டது. "அந்தப் பைப்பை அப்பிடித் திருகாதையும் எண்டு சொன்னனான்!" "மாமா, நீங்கள் பிடிச்ச பிடிதான் பிழை!" தர்சினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கேக்குதோ அன்ரி? காலமை தொடக்கம் சண்டை!"

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனபோது சிவபாதம் அண்ணை குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, அண்டைக்கு உமக்குத் தலை சுத்தேல்லை எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பொத்தானை அமுக்கவிடாமல் பிடிச்ச பிடி, அது மயங்கின ஆளின்ர பிடியில்லை. மருமோனுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். தான் காப்பாத்தினது எண்டு பெருமையா இருக்கிறார். அது அப்பிடியே இருக்கட்டும்."

காரடிக்கு வழியனுப்ப நிரோஷன் வந்தான். கதவைத் திறந்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அன்ரி, துவாய்க்குள்ள நீங்கள் சிரிச்சதை நான் கண்டனான். ஐ நியூ. பட் மாமாவுக்குச் சொல்லாதேங்கோ, என்ன? அந்தக் கதையைச் சொல்லேக்க அவர் எவ்வளவு ஹாப்பி எண்டு பாத்தீங்கள்தானே."

அன்றோடு என் பெயரைத் திருப்பி வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். உங்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம், உங்களுக்கும் ஒருநாள் ஒரு கல் கிடைக்கும். அப்போது கையேட்டைத் தேடாதீர்கள். யாரைக் கீழே இறக்கவேண்டும் என்று மட்டும் பாருங்கள். உங்கள் வீரத்தை அந்த நேரம் பையில் வைத்துவிடலாம். பிறகு அது திரும்பிக் கிடைக்காமலும் போகலாம், அதற்கும் ஆயத்தமாயிருங்கள்.

இந்தக் கதை இந்தக் கொட்டகைக்குள்ளேயே கிடக்கட்டும். வெளியே யாராவது கேட்டால் அந்த அக்கா மயங்கினது உண்மை என்றே சொல்லுங்கள். ஏனென்றால் போன மாதமும் அந்த வீட்டுக்குப் போனேன். குழந்தை இப்போது நன்றாகக் கதைக்கிறாள். என் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீங்களோ அன்ரி மலையில மயங்கி விழுந்தது? என்ர தாத்தாவும் அப்பாவும்தானே தூக்கிக்கொண்டு வந்தவை?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, நான்தான்" என்றேன்.

அவளுக்குப் பின்னால் ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமனாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.